ஒன்று என்றால் வீடு

தெய்வசிகாமணி எழுதிக் கொடுக்கும் தாளில் பாட்டு வரி ஒன்றுகூட இருக்காது. வெறும் எண்கள்தான். வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு கிட்டாரே கதி என்று ஆனவர். முத்தியால்பேட்டை மெல்லிசைக் குழு ஒன்றில், வாசிப்பவர்களுக்கு எந்தக் கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் எந்தச் சுரக்கூட்டு, எங்கே வரும் என்று எழுதித் தருவதும் அவர் வேலை. பாட்டு எந்தக் கார்டில் வந்து முடிகிறதோ, அது ஒன்று. அதிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் நாலாவது வருவது நாலு, ஐந்தாவது ஐந்து. பாடுகிறவர் சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்த எண்கள் மாறாது. தாளின் தலையில் சுருதி எத்தனை கட்டை என்பதை மட்டும் திருத்தினால் போதும். ஒன்றுக்குக் குழுவில் ‘வீடு’ என்று பெயர். எங்கே சுற்றினாலும் வீட்டுக்கு வந்தால்தான் பாட்டு முடியும்.

மேடையில் தாளைப் பார்க்க நேரமில்லாதபோது எண்ணை விரலால் காட்டுவார்கள். அதில் கெட்டிக்காரி அவர் மனைவி தையல்நாயகி, குழுவின் பாடகி. அவள் ஒற்றை விரலைத் தூக்கினால் அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்து பாட்டை முடித்துவிடுவார்கள்.

போன ஆடியில் ஒரு கோயில் கச்சேரி. அடுத்த பாட்டு அஞ்சு கட்டை. தொடங்கப்போகும் நேரத்தில் தையல்நாயகி நாலு விரலைக் காட்டினாள். நாலாம் கார்டில் எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து இவர் அஞ்சு கட்டையிலேயே அந்தக் கார்டை எடுத்துவிட்டார். அவள் கேட்டதோ சுருதியை இறக்கி நாலு கட்டை. மேலே போகிற இடத்தில் அவள் குரல் கிழிந்து நின்றது. கூட்டம் ஊளையிட்டது.

பைக்கில் திரும்பும்போது வழிநெடுகக் கத்தினார். “ஊரு முன்னால மானத்த வாங்கிட்டியே! நாலுன்னா நான் இன்னான்னு நெனைக்கிறது?”

“தொண்ட வலிக்குதுங்க,” என்றாள் அவள். “மாசக்கணக்கா வலிக்குது.”

அரைக் கட்டை இறங்கினால் தூக்கத்திலும் கண்டுபிடிக்கிற காது, கூடவே வாழ்ந்தவளின் வலியை மட்டும் கேட்கவில்லை. என்ன பெரிய காது!

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தார்கள். குரல் போனது, நோய் போகவில்லை. மறுபடியும் பரவியிருக்கிறது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க என்றும் சொல்லிவிட்டுப் போனார். பேசுவதற்கு ஒருத்திக்குக் குரல் எங்கே இருக்கிறது?

“மருந்து ஏத்தலாம் தையலு. சரியா?” என்று கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார்.

தையல்நாயகி ஒற்றை விரலைத் தூக்கினாள்.

“வீட்டுக்கா? போவலாம். மருந்து ஏத்திக்கினு போவலாம்.”

இல்லை என்று தலையசைத்தாள். விரல் இறங்கவில்லை.

எத்தனையோ மேடைகளில் அந்த விரலைப் பார்த்துப் பாட்டை முடித்தவருக்குப் புரியாமல் இல்லை. மடங்கியிருந்த மற்ற மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார்.

“நாலுக்குப் போயிட்டு வரலாம்டி. இன்னும் ஒரே ஒரு சுத்து,” என்றார். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

அவள் சிரித்த மாதிரி இருந்தது. அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மூன்று விரல்களையும் மறுபடி மடக்கிக்கொண்டாள்.

இந்த முறை தெய்வசிகாமணி தப்பாக எடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்து வேண்டாம் என்று சொல்ல டாக்டரம்மாவைத் தேடிப் போனார்.