வலப்பக்கத்துக் காலடிகள்

ஜெலாப்பாங்கில் பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் பிரமிளா பத்தொன்பது ஆண்டுகளாக இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தாள். வாளி, மூடி, பழக்கூடை, மீன் பெட்டி என்று அவள் கைபடாத சாமான் பேராக்கில் எந்த வீட்டிலும் கிடையாது என்று அவள் கணவன் கோகிலன் போகிற இடமெல்லாம் பெருமையடிப்பான். அதில் பாதிக்கு மேல் பொய். ஆனாலும் அவன் அப்படிச் சொல்லும்போது பிரமிளா மறுக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

கோகிலன் மீன் லோரி ஓட்டுகிறவன். ஹுத்தான் மெலிந்தாங் படகுத்துறையில் மீன் ஏற்றிக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோக வேண்டும். வாரத்தில் நான்கைந்து நாள் வீடு தங்க மாட்டான். படகுகள் கரை திரும்பி, மீன் பிரித்து, ஐஸ் போட்டு ஏற்றி முடிகிறவரை மாலை நேரம் முழுக்க லோரிக்குள் உட்கார்ந்திருப்பதுதான் அவன் பாடு. பிரமிளாவுக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். லகாட் பக்கத்தில், முன்பு ரப்பர் மரங்கள் நின்ற கித்தாக்காடாக இருந்து இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட ஒரு தாமானில் அவர்கள் வீடு. வந்து, குளித்து, உலையேற்றிவிட்டு ஐந்து மணிக்கு முன்வாசல் நாற்காலியில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவாள். அங்கே லோரியில் அவன், இங்கே நாற்காலியில் இவள். இரண்டு பேரும் சேர்ந்து ஆள்களைச் சுடக் கிளம்புவார்கள்.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிடித்த பழக்கம் அது. அப்போது கோகிலன் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுக்கு வர முடியாமல் படகுத்துறையிலேயே தங்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் எவ்வளவுதான் பேசுவது? சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். மகள்தான் அந்தத் துப்பாக்கி விளையாட்டை இருவர் கைப்பேசியிலும் ஏற்றிக் கொடுத்தாள். அவள் படிக்க ஜொகூருக்குப் போய், விளையாட்டை மறந்தும் போனாள். அப்பனும் ஆத்தாளும் விடவில்லை. ஒரு தீவில் நூறு பேர் குதித்து ஒருவரையொருவர் வேட்டையாடுகிற விளையாட்டு. அதில் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் பதுங்கிக்கொண்டு, எதிரி வருகிறானா என்று காது கொடுத்துக்கொண்டே குடும்ப விஷயம் அத்தனையும் பேசித் தீர்த்தார்கள். மூன்றாவது ஆளாக நவமணி சேர்ந்துகொண்டாள். தொழிற்சாலையில் பிரமிளாவுக்கு அடுத்த இயந்திரம் அவளுடையது.

விளையாட்டில் பிரமிளாவின் பெயர் இருளாயி. இருட்டு மூலையாகப் பார்த்து ஒடுங்கி உட்கார்ந்து, வருகிறவன் காலடியைக் கேட்டே அடித்துவிடுவாள் என்பதால் நவமணி வைத்த பெயர். ஓடிப் பிடிக்கிற வேகம் அவளுக்கு இல்லை. பொறுமையும் காதும்தான் அவள் ஆயுதம்.

அந்த ஆயுதம் போன வருடம் அவளைக் கைவிட ஆரம்பித்தது. வலப்பக்கத்திலிருந்து வருகிறவன் எல்லாம் அவளைச் சுட்டுவிட்டுப் போனான். இடப்பக்கம் பூனை நடந்தாலும் திரும்புகிறவள், வலப்பக்கம் ஆளே வந்து நின்றாலும் சும்மா இருந்தாள். தூங்கிவிட்டாயா என்று நவமணி கேலி செய்தாள். இயர்போனின் வலப்பக்கம் செத்துவிட்டது என்று பிரமிளா சொன்னாள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

ஒரு சனிக்கிழமை கோகிலன் பெரிய பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினான். உள்ளே முழுத்தலையையும் பிடிக்கிற ஹெட்போன். இரண்டு பக்கமும் தடித்த பஞ்சு. ஓரத்தில் நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும். விளையாட்டு வீரர்கள் இதைத்தான் போடுகிறார்கள் என்று கடைக்காரன் சொன்னானாம். அரை மாத மளிகைக்கு ஆகிற விலை. கோகிலன் அதை அவள் தலையில் மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று, கோயிலில் அலங்காரம் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

பிரமிளாவுக்கு மூச்சு முட்டியது. மூக்குக் கண்ணாடிக் காம்பு நெற்றிப்பொட்டில் அழுந்தியது. கொண்டை தடுத்தது. பஞ்சுக்குள் காது வெந்தது. அதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை தொழிற்சாலையில் இதே மாதிரி ஒன்றைத்தானே அவள் தலையில் இறுக்கிக்கொண்டு நிற்கிறாள்? இயந்திர இரைச்சலுக்காகக் கொடுக்கிற காதுமூடி. மூன்று மணிக்கு அதைக் கழற்றும்போது தலை லேசாகி, காற்று காதில் படுகிற அந்த ஒரு நிமிடம் அவளுக்கு நாளிலேயே பெரிய சுகம். இப்போது ஐந்து மணிக்குத் திரும்பவும் இன்னொரு ஷிப்ட் தொடங்கியது போலிருந்தது.

ஆசையாக வாங்கி வந்தவனிடம் இதை எப்படிச் சொல்வது? ஒன்பது நாள் போட்டுக்கொண்டு விளையாடினாள். ஒன்பது நாளும் வலப்பக்கத்திலிருந்தே செத்தாள். பத்தாம் நாள் அவன் வீட்டில் இருந்தபோது, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“என்னங்க, கோவிச்சுக்காதீங்க. அத மாட்டினா கிலாங்குல மெஷின் முன்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு.”

கோகிலன் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தான். கோபமாக இருக்குமோ என்று அவள் பார்த்தாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் தலையில் என்ன இருந்தது என்று தான் ஒரு தடவைகூட யோசித்ததில்லையே என்கிற வெட்கம்தான் வந்தது. “மொத நாளே சொல்ல வேண்டியதுதானலா, பிரமி” என்று மட்டும் சொன்னான். மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தான். கடைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே முக்கால்வாசிப் பணத்தைத் தந்தான்.

தொழிற்சாலை வாசலுக்கு எதிர்ச் சாலையில் அகதா அக்காவின் கைப்பேசிக் கடை இருந்தது. கண்ணாடித் திரை ஒட்டுவது, மின்கலம் மாற்றுவது, உறை விற்பது எல்லாம் அவளே. அவசரப்படுத்தி எதையும் தலையில் கட்டுகிறவள் இல்லை. மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் பிரமிளா நேராக அங்கே போனாள். தலையில் ஏறாத, காதுக்குள் அடங்குகிற, விலை கையைக் கடிக்காத ஒன்று வேண்டும் என்றாள்.

வயரில்லாத இயர்போனைத்தான் முதலில் போட்டுப் பார்த்தாள். விரலால் சுட்ட பிறகு சத்தம் ஒரு கணம் பிந்தி வந்தது. பாட்டுக் கேட்க அது போதும், சண்டைக்கு ஆகாது என்று அகதாவே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். வயர் வைத்தவற்றில் நாலைந்தைப் பரப்பினாள். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து விளையாடும்போது விரலில் இடிக்காமல் இருக்க, முனை மடங்கிய ஒன்றைப் பொறுக்கினாள். வயரிலேயே சின்ன மைக் இருந்தது. காதில் செருகுகிற மென்ரப்பர் மூன்று அளவில் வந்தது. பிரமிளாவுக்குச் சின்னதுதான் பொருந்தியது. விலை பதினெட்டு வெள்ளிதான். காதில் வைத்ததும் கடைவாசலில் போன மோட்டார் சைக்கிள் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. தலையில் ஒரு பாரமும் இல்லை.

விளையாட்டின் பயிற்சி மைதானத்தைத் திறந்து பார்த்தாள். முகம் வாடியது. இதிலும் வலப்பக்கம் சரியில்லை என்றாள்.

அகதா வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மணியாகக் கேட்டது. வேறொன்றைப் பிரித்துக் கொடுத்தாள். அதிலும் அதே குறைதான். காலடிச் சத்தமும் புல் சலசலப்பும் இடது காதில் தெளிவாக இருந்தன. வலது காதில் யாரோ அடுத்த வீட்டில் நடப்பது போல இருந்தது. மூன்றாவதைப் பிரிக்கப் போன அகதா நிறுத்திவிட்டு, இருக்கிறதையே மாற்றிப் போடச் சொன்னாள். வலது காதுக்கானதை இடது காதிலும் இடதுக்கானதை வலதிலும் வைத்துக்கொண்டாள் பிரமிளா.

கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் மெதுவாக இரண்டையும் கழற்றினாள்.

“இப்பவும் வலது பக்கந்தான் அக்கா மங்கலா இருக்கு.”

அகதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப இயர்போன்ல கோளாறு இல்ல பிரமிளா. காதப் போய்க் காட்டும்மா.”

பிரமிளா இயர்போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் வலது காதைப் பொத்திப் பொத்தித் திறந்து பார்த்தாள். பஸ் ஓடுவது கேட்டது, ஆள் பேசுவது கேட்டது. கேட்காதது எது என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஐந்து மணிக்கு வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தாள். நவமணி அன்று கல்யாண வீட்டுக்குப் போயிருந்ததால் அவர்கள் இருவர் மட்டும்தான். புது இயர்போனில் கோகிலனின் குரல் அவ்வளவு பக்கத்தில் ஒலித்தது. படகுகளின் எஞ்சின் சத்தம்கூட அவன் பின்னால் கேட்டது. இருவரும் தீவில் குதித்து ஒரு கிடங்குக்குள் புகுந்தார்கள். புதுசு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான்.

நல்லா இருக்கு என்றாள். பிறகு அகதா கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

திரையில் கோகிலனின் ஆள் கிடங்கின் நடுவில் அசையாமல் நின்றான். எவனோ சன்னல் வழியாக வந்து அவனைச் சுட்டான். அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பிரமிளாவும் திரும்பிச் சுடவில்லை; கைப்பேசியை மடியில் வைத்துவிட்டாள். வயர் மட்டும் காதில் இருந்தது.

“நாளைக்கு லீவு போடு” என்றான் கடைசியில். “லோரிய வேற ஆள்கிட்ட குடுத்துட்டு நான் வாரேன். சேர்ந்து போலாம்.”

ஈப்போவில் காது பார்க்கும் கிளினிக்கில் அவளை ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே நின்ற கோகிலனுக்கு அவள் கைவிரல் தெரிந்தது. இடது காதுக்கு விரல் ஓயாமல் அமுக்கியது. வலது காதுக்கு நெடுநேரம் சும்மாவே இருந்தது. அப்போது அவனால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் போலப் போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

இரைச்சலால் வந்த குறைதான் என்றார் டாக்டர். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டன. போனது திரும்பாது; இருப்பதைக் காப்பாற்றலாம். ஏன் ஒரு காதில் மட்டும் இவ்வளவு என்று அவர் துருவிக் கேட்டபோது, பிரமிளாவுக்குத் தன் பழக்கம் நினைவு வந்தது. வலது கைப் பக்கம்தான் மேற்பார்வையாளர் வந்து நிற்கும் இடம். யார் கூப்பிட்டாலும், நவமணி ஜாடை காட்டினாலும் காதுமூடியின் வலப்பக்கத்தைத் தூக்கிக் கேட்டுவிட்டு இறக்குவாள். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை, பத்தொன்பது வருடம். சில நாள் தூக்கியதை இறக்க மறந்தே போயிருக்கிறாள்.

விளையாட்டை விடச் சொல்வாரோ என்று பயந்துகொண்டே கேட்டாள். டாக்டர் சிரித்தார். பெரிய ஹெட்போனோ சின்ன இயர்போனோ, சத்தத்தின் அளவுதான் காதைக் கெடுக்கும் என்றார். பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் போடக் கூடாது. வெளிச்சத்தம் நுழையாதபடி காதில் பொருந்துகிற ரப்பர் இருந்தால் குறைந்த சத்தமே போதும். வேலையிடத்தில் யாரும் கண்டுபிடிக்காத குறையை விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறது, இன்னும் ஐந்து வருடம் கழித்து வந்திருந்தால் வேறு கதை என்றும் சொன்னார்.

டாக்டரின் கடிதத்தைத் தொழிற்சாலையில் கொடுக்கும்போது வேலை போய்விடுமோ என்று பயந்தாள். போகவில்லை. ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, இரைச்சல் இல்லாத பொட்டலப் பகுதிக்கு மாற்றினார்கள். கூடைகளை எண்ணி, குறை பார்த்து, அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. முதல் நாள் அங்கே அவளுக்குக் கை ஓடவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதும் சிரிப்பதும் வேலை நேரத்திலேயே கேட்டது புதுமையாக இருந்தது. மதியம் வருவதற்குள் மூன்று பேருடைய வீட்டுக் கதை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கைப்பேசியில் இரண்டு காதுக்கும் சத்தத்தைப் பிரித்து வைக்கிற அமைப்பு இருப்பதை அகதா காட்டிக் கொடுத்தாள். மொத்தச் சத்தத்தைக் கூட்டாமல் இடப்பக்கத்தைக் குறைத்து, இரண்டும் சமமாகத் தோன்றுகிறவரை அந்தப் புள்ளியை நகர்த்திப் பார்த்தார்கள். பழைய காது வரவில்லை. ஆனாலும் நாலைந்து நாளில் வலப்பக்கத்துக் காலடி அவளுக்குத் திரும்பப் புரிய ஆரம்பித்தது. புரியாத இடங்களில் சுவர் வலப்பக்கம் இருக்கும்படி பார்த்து உட்காரப் பழகிக்கொண்டாள்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் லகாட் மண்டபத்தில் இளைஞர் மன்றம் போட்டி வைத்தது. பதினாறு குழுக்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தலையில் விளக்கெரிகிற ஹெட்போன்கள். இருளாயி யார் என்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் கேட்டபோது, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பருத்திச் சேலையில் இயர்போன் வயரை இடுப்பில் செருகியபடி எழுந்த பெண்ணைப் பார்த்து மண்டபமே திரும்பியது. கோகிலன் கைதட்டினான். அவர்கள் குழு நாலாவதாக வந்தது. மூன்று இடங்களுக்குத்தான் பரிசு. மூன்றாம் இடம் வந்த பையன்கள் வந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைக் கோகிலன் லோரி முன்கண்ணாடியில் ஒட்டினான்.

அதற்குப் பிறகு பிரமிளா சும்மா இருக்கவில்லை. இயந்திரப் பகுதிப் பெண்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நவமணி பயந்து பயந்து போனாள். அவள் காதில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் லக்சா வாங்கிக் கொடுத்தாள். “கோகிலண்ணே மைக்குல வடை திங்கிறதுகூட எனக்கு நல்லாவே கேக்குது, அத ஒடனே நிறுத்தச் சொல்லு” என்றாள்.

பிரமிளா சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். லோரி எஞ்சினுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் ஒரு காதைப் பற்றி அப்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது. மீன் அதிகமாக வருகிற மாதம், லீவு கிடைக்காது என்று கோகிலன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கிளினிக்குக்கு அவளே கூப்பிட்டு, அடுத்த புதன்கிழமைக்கு அவன் பெயரைப் பதிந்துவிட்டாள்.