மூன்றாவது பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் வளர்ந்த கல்கத்தாவில் தெருவுக்கு ஒரு பேய் வீடு உண்டு, மழை பெய்து கரண்ட் போனால் போதும், யாராவது ஒருவர் தன் மாமாவுக்கு நடந்தது என்று ஆரம்பித்துவிடுவார், நான் எழுந்துபோய்ப் படுத்துத் தூங்கிவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். இப்போது நீங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு டாலிகஞ்சில். அப்பாவுக்கு வங்கி வேலை, அம்மாவுக்கு ரயில்வேயில், அதுவும் கரக்பூரில், சனி ஞாயிறு மட்டும்தான் வீட்டுக்கு வருவாள். மற்ற நாளெல்லாம் நானும் அப்பாவும்தான். நான் அடுப்படியிலிருந்து ஏதாவது கேட்டுக் கத்துவேன், அவர் உள் அறையில் பேப்பரை இறக்காமலே பதில் கத்துவார், முகமே பார்க்காமல் பாதி நாள் பேச்சு ஓடிவிடும். சினிமாப் படிப்பின் கடைசி வருடம் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தால்தான் பட்டம் என்றார்கள், நான் இதையே கதையாக்கினேன். அடுப்படியில் ஒரு பெண், பக்கத்து அறையில் அப்பா, அவரைக் காட்டவே மாட்டோம், குரல் மட்டும்தான். இதில் பெரிய கலையெல்லாம் இல்லை, இரண்டாவது நடிகருக்குச் சோறு போட வழியில்லை என்பதுதான் காரணம். பெண்ணாக நானே நடித்தேன். அப்பா குரலுக்கு என் அப்பாவே பிறகு வந்து பேசித் தருவதாக ஏற்பாடு. மனிதருக்கு ஒரே குஷி, ஷேவ் பண்ணும்போதுகூட வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமரா, சவுண்டு, லைட்டு மூன்றும் ஷுபோ. என்னோடு படித்தவன், தமிழில் ஒரு அட்சரம் தெரியாது, வித்யா என்கிற என் பெயர் அவன் வாயில் 'பித்தா' என்றுதான் வரும். அவனுடைய சொந்தக்காரர் வீடு ஒன்று டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் பூட்டிக் கிடந்தது, அடுக்குமாடி கட்ட ப்ரொமோட்டர் இடிக்கப்போகிற வீடு, அதுவரை சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சும்மா கிடைத்ததன் அருமை அங்கே போன பிறகுதான் தெரிந்தது. லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் பாத்திரம் அதிரும். ரயில் போனால் மீன்காரர் கத்துவார், அவர் போனால் பக்கத்து வீட்டுப் பெண் ஹார்மோனியத்தை இழுத்துக்கொண்டு பாட உட்கார்ந்துவிடுவாள். ஃபேன் போட்டால் மைக்கில் இரைச்சல், அதனால் அந்த மே மாத வெக்கையில் ஃபேனும் கிடையாது. நான் ஒரு வசனம் பேசிவிட்டு அப்பாவின் பதிலுக்காக இடம் விட்டு நிற்பேன், சரியாக அந்த இடைவெளியில் ரயில் வரும். ஒரு நாள் கரண்டியை எறிந்துவிட்டு அழுதேவிட்டேன்.

எப்படியோ முடித்தோம். கடைசி நாள் உச்சி வெயிலில் ரூம் டோன் எடுத்தோம். அது என்னவென்றால், ஷூட்டிங் முடிந்ததும் எல்லாரும் மூச்சுக் காட்டாமல் நின்று அந்த அறையின் வெறும் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வது. பிறகு எடிட்டிங்கில் வசனத்துக்கு நடுவே வேண்டாத சத்தத்தை வெட்டிய இடத்தில் இதை வைத்து நிரப்புவோம். உள் அறை காலி, கட்டில்கூடக் கிடையாது. ஷுபோ மைக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்தான். நம்பினால் நம்புங்கள், அத்தனை நாள் உயிரை வாங்கிய ரயில், மீன்காரர், ஹார்மோனியம் எதுவுமே அந்த ஒரு நிமிடம் இல்லை. நான்கூட நமக்கும் நல்ல நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாளே வீட்டை இடிக்க ஆள் வந்துவிட்டது.

எடிட்டிங் எங்கள் வீட்டில்தான். படத்தைக் கொடுக்க இன்னும் இரண்டு நாள், கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. சாயங்காலம், அப்பா கடைக்குப் போயிருந்தார். ரயில் சத்தத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அடியில் ரூம் டோனைப் பரப்பிவிட்டு, ஷுபோவும் நானும் ஓட்டிப் பார்த்தோம்.

திரையில் நான் கேட்கிறேன். "அப்பா, காப்பி போடட்டுமா?"

இடைவெளி. அங்கே எதுவும் இருக்கக்கூடாது.

"ஸ்பூன்ல... குடு."

அப்பா குரல். சந்தேகமே இல்லை, பிறந்ததிலிருந்து கேட்ட குரல். ஆனால் நாக்கு தடித்துப்போய், ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்துச் சொல்கிற குரல். படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபேன் வேணுமா என்று திரையில் நான் கேட்க, "குளிருது" என்றது. ஷுபோ என்னைப் பார்த்து, காக்கு எப்போது டப்பிங் பேசினார், ஏன் இப்படிப் பேசுகிறார், உடம்பு சரியில்லையா என்று பெங்காலியில் கேட்டான். என் அப்பாவை அவன் காக்கு, அதாவது சித்தப்பா, என்றுதான் சொல்வான். ஆக, எனக்கு மட்டும் கேட்ட சத்தம் இல்லை இது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயத்தில் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, வேலைதான். என் குரலை எடுத்துவிட்டு ரூம் டோனை மட்டும் ஓட்டினேன். ஒன்றுமே இல்லை, வெறும் அமைதி, தூரத்தில் ஒரு காக்கை. என் குரலைத் திரும்ப வைத்தேன், பதில் வந்தது. ரூம் டோனைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன், பின்னால் இழுத்தேன், எங்கே வைத்தாலும் பதில் நான் விட்ட இடைவெளியில்தான் வந்து உட்கார்ந்தது. ஷுபோ நிறுத்து நிறுத்து என்றான். என்னால் நிறுத்த முடியவில்லை. படத்தின் கடைசி வசனம் வந்தது.

"அப்பா, தூங்கிட்டீங்களா?"

இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக வந்தது.

"கதவைச் சாத்திட்டுப் போம்மா."

அதன் பின்னாலேயே, மெதுவாக ஒரு கதவு மூடுகிற சத்தம். அதோடு சரி.

அந்த நேரம் பார்த்து எங்கள் வாசல் கதவு திறந்தது, நான் வீல் என்று கத்திவிட்டேன். அப்பாதான், கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம், சூடாகக் கத்தரிக்காய் பஜ்ஜி. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று அவருடைய கணீர்க் குரலில் கேட்டுவிட்டு, ஷுபோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் கல்லு மாதிரி இருந்தார்.

அந்தப் பதிவை அன்றே அழித்தேன். வேறு அமைதிக்கு எங்கே போவது, வீடே இல்லையே. கடைசியில் எங்கள் அடுப்படி ஃபேனின் கடகட சத்தத்தை எடுத்துப் படம் முழுக்க ஓடவிட்டோம். மறுநாள் அப்பா வந்து, போடும்மா, ஸ்ட்ராங்கா போடு என்று அமர்க்களமாகப் பேசிக் கொடுத்தார். அந்த ஃபேன் சத்தம் தனிமையை அபாரமாகச் சொல்கிறது என்று எங்கள் பேராசிரியர் பாராட்டினார், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பட்டம் கிடைத்தது. ஷுபோவும் நானும் அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

அதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது, போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வாயும் கோணிக்கொண்டது, பேச்சே இல்லாமல் கிடந்தார். வீட்டுக்குக் கூட்டி வந்து கொஞ்ச நாள் ஆனபிறகு, ஒரு காலையில் பழக்க தோஷத்தில் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துவிட்டேன், அப்பா காப்பி போடட்டுமா என்று. உள்ளேயிருந்து, அந்தக் குரலில், அதே இழுப்போடு பதில் வந்தது.

"ஸ்பூன்ல... குடு."

பால் பொங்கி வழிந்தது, நான் அடுப்பை அணைக்கக்கூட இல்லை. அவர் பேச ஆரம்பித்துவிட்டார் என்று, ரிட்டையராகி வீட்டோடு வந்துவிட்ட அம்மா சந்தோஷத்தில் அழுதாள், நான் எதற்கு அழுதேன் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டாவது பதில் இந்தக் கோடையில் வந்தது. ஊரே வெந்துகொண்டிருந்தது, வியர்க்குமே என்று ஃபேன் வேணுமா என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். குளிருது என்றார்.

அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு அப்பா அறைக் கதவைக் கழற்றி, மொட்டைமாடிப் படிக்கட்டில் போட்டுவிட்டேன். ஒரு திரைச்சீலை மட்டும் தொங்குகிறது. ராத்திரி கூப்பிட்டால் காதில் விழட்டும் என்றுதான் செய்ததாக அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தூங்கிட்டீங்களா என்று மட்டும் நான் கேட்பதில்லை, அவர் கண் மூடியிருந்தால் சத்தமில்லாமல் போய் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், இப்போது எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

நேற்று அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திரைச்சீலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இங்க ஒரு கதவு... இருந்துதேம்மா?" என்றார்.

ரிப்பேருக்குப் போயிருக்குப்பா என்று சொல்லிவிட்டு, அடுத்த ஸ்பூனை எடுத்தேன். அப்பா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"சீக்கிரம்... மாட்டச் சொல்லு" என்றார்.