மட்டி மேடு

ஆற்றங்கரையில் நான் வாங்கிய தோட்டத்து மேட்டை, கல்லூரியிலிருந்து வந்த தொல்லியல் பேராசிரியர் தோண்டிக்கொண்டிருந்தார். காலடியில் மட்டிச் சிப்பி ஓடு நொறுங்கிய சத்தம் என்னை ஏழு வயதுக்கு இழுத்துப்போனது.

மழை பொய்த்த வருசம். அம்மா ஆற்றுச் சேற்றைத் துழாவி, மட்டி பொறுக்கி வந்து அவிப்பாள். சேற்று வாடையோடு ஆவி கிளம்பும். ஓடுகள் வாய் திறக்கும். ஒருநாள் அந்த வழியாக வந்த பண்ணையார் சட்டியைக் காலால் எத்திவிட்டார்.

"மட்டி திங்கிறவன் மட்டியாத்தாம்லே இருப்பான்!"

எங்கள் பக்கம் மடையனுக்கும் அதே பெயர். கூடவந்த அவர் மகன் சிரித்தான். மண்ணில் சிந்தியதைக் கழுவி எங்களுக்கு ஊட்டிய அம்மா, தான் சாப்பிடவில்லை.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அந்த மட்டியான நான்தான் இன்று விஸ்வநத்தத்தில் இரண்டு பட்டாசுக் கம்பெனிக்கு முதலாளி. தோட்டத்தை எனக்கு விற்ற அதே மகனை, தோண்டுவதைப் பார்க்க நானே காரில் அழைத்து வந்திருந்தேன்.

"இது எங்க பாட்டன் போட்ட சுண்ணாம்புக் காளவாசல்," என்றார் அவர்.

"காளவாசல்னா ஓடெல்லாம் வெந்து உதிர்ந்திருக்கும்," என்றார் பேராசிரியர். "இங்க முழுசா இருக்கு. ஒரு அடுக்கு ஓடு, ஒரு அடுக்கு அடுப்புச் சாம்பல், நடுவுல மீன்முள்ளு, கல்லாயுதம். இரும்பு தெரியாத காலத்துச் சனங்க தலைமுறை தலைமுறையா உக்காந்து தின்னு போட்டதுதான் இந்த மேடு. இந்தக் கரையில முதல்ல குடியிருந்தவங்க அவங்கதான்."

பண்ணையார் மகன் காரைப் பார்த்துத் திரும்பினார்.

"எங்கன போறீக சின்னய்யா? இருங்க." தோளை அழுத்தி வரப்பில் உட்காரவைத்தேன். "சார், ஐயாவுக்குச் சரியா வெளங்கல. அடியிலயிருந்து ஒவ்வொரு அடுக்கா மறுபடி சொல்லுங்க."

பேராசிரியர் ஆசையாகத் தொடங்கினார். வெயில் உச்சிக்கு ஏறியது. கையிலிருந்த குடையை எனக்கு மட்டும் பிடித்துக்கொண்டேன்.