மெரினான்னு சொல்லி இஸ்துகினு போன சமுத்திரம்

எங்க நைனா பொய் சொன்னாரு. அத்த நெனச்சா இன்னிக்கும் எனக்கு வவுறு எரியுது.

எனக்கு அப்போ ஒம்போதோ பத்தோ வயசு. இஸ்கோலுக்கு அனுப்பாம வூட்டுத் தறிக்கு நூலு தார் சுத்த உக்கார வச்சிட்டாங்க. எங்க தெருவுல ஒரு பொண்ணு மெரினாவுக்குப் போய்ட்டு வந்து அளந்தா பாருங்க, குதிரையாம், பலூன சுடறதாம், ஏரோப்ளேன் அட்டையில உக்காந்து போட்டோவாம். அந்தப் போட்டோவுல அவ மூஞ்சி சரியாவே விழல, அது வேற கதை.

ஒரு நாளு நைனா, "வா, சமுத்திரம் காட்டுறேன்"ன்னாரு.

"மெரினாவா?"

"ஆங்."

அந்த ஒரு ஆங்குக்கு நான் தெரு முழுக்க சொல்லிட்டேன். பள்ளிப்பட்டுல இருந்த சின்னம்மாவுக்குக்கூட நூலு எடுத்துகினு போற ஆளுகிட்ட சேதி சொல்லி அனுப்பிச்சேன்.

எங்க வூட்டுல அத்தை இருந்தா, நைனாவுக்கு அக்கா. நான் தூளியில கெடந்தப்போ அத்தை வூட்டுக்காரரு எங்க தாத்தாகூட சண்ட போட்டுகினு, பாதி சீலை தறியில நிக்கிறப்பவே எழுந்து போயிட்டாராம். போனவரு போனவருதான். அந்தத் தறிய யாரும் தொடக் கூடாது. அத்தை மட்டும் வெள்ளிக்கெழம தொடச்சி மஞ்சா குங்குமம் வைப்பா. "வந்து உக்காந்தாருன்னா இழை அறுந்து கெடக்கக் கூடாதுல்ல"ன்னுவா. நல்லா பூ வச்சிகினுதான் இருப்பா. நானும் கூடவே உக்காந்து பூ கட்டுவேன். எனக்கு நெருக்கமா வராதுன்னு திட்டுவா.

எங்க வுட்டேன்? ஆங், ரயிலு. மெட்ராஸு டேசன்ல எறங்குறோம், நான் பாவாடைய இழுத்து வுட்டுகினு நிக்கிறேன், மனுசன் என்னைப் புடிச்சி வேற ரயில்ல ஏத்துறாரு. பொன்னேரியாம். அப்பால பஸ்ஸு. பழவேற்காடாம். அப்பால படகு. மெரினா எங்கன்னு கேட்டா, "எல்லாம் ஒரே சமுத்திரம்தான், வா"ன்றாரு. அப்பவே எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சி.

படகுலேந்து எறங்கி மணலுல நடக்குறோம். மொத எடத்துல நாலு குடிசை, காயப் போட்ட கருவாடு, காக்கா. குதிரையுமில்ல கழுதையுமில்ல. நைனா அங்க தொங்குற வலைங்களத் தடவித் தடவிப் பாத்துட்டு, "இங்க இல்ல"ன்னுகினு நடந்தாரு. ரெண்டாவது எடம் அதவிட மோசம், சவுக்குக் கன்னும் முள்ளுந்தான். அங்கயும் ஒரு கிழிஞ்ச வலைய விரிச்சிப் பாத்தாரு. வலை பாக்கவா நானு வந்தேன்? கால்ல முள்ளு ஏறி, வெயிலு காஞ்சி, நான் அழுதுகினே வரேன். "சனியனே, கம்முனு வா"ன்றாரு.

மூணாவது எடத்துல ஒரே ஒரு ஆளு. கவுத்துப் போட்ட படகு நெழல்ல உக்காந்து வலை தச்சிகினு இருந்தாரு. நைனா அவருக்குப் பின்னால நின்னுகினு அவரு கையையே பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்து, "போயி அலையப் பாரு"ன்னாரு. நான் போவல. ரோசத்துல அங்கயே கொஞ்சம் தள்ளி முதுகக் காட்டிகினு உக்காந்தேன். முதுகக் காட்டுனா திரும்பிப் பாக்கக் கூடாதா இன்னா?

அந்த ஆளு வலையில அறுந்த நூல எடுத்து, கொட்டாங்குச்சியில இருந்த சாம்பலத் தொட்டு, ரெண்டு வெரலால முறுக்கி ஒட்டுறாரு. தறியில அறுந்த பாவு நூல நாங்க பெணைக்கிற மாதிரி. ஒரு பொம்பள இடுப்புல கொழந்தையோட வந்தா. "எத்தினி தபா சொல்றது ஒனக்கு? வலைக்கு முடிச்சி போடணும், முறுக்குனா தண்ணியில நிக்குமா?"ன்னு கத்துனா. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. அந்த ஆளும் நைனாவும் சிரிக்கல. ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சிகினே ஏதோ பேசுனாங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல.

திரும்பி வரப்போ நைனா, "அத்தை கேட்டா சமுத்திரம் பாத்தோம்னு மட்டும் சொல்லு. அடுத்த தபா மெய்யாலுமே மெரினா"ன்னாரு. இன்னொரு பொய்யின்னு நெனச்சிகினேன்.

வூட்டுக்கு வந்ததும் அத்தை நைனா மூஞ்சியப் பாத்தா. நைனா கை கால் கழுவப் போயிட்டாரு. எனக்கு இருந்த கோவத்துல அத்தை மடியில உக்காந்துகினு எல்லாத்தையும் கொட்டிட்டேன். "மெரினாவுமில்ல ஒண்ணுமில்ல அத்தை, அங்க ஒரு பைத்தியம், மீன் வலைய சாம்பலு தொட்டு பாவு மாதிரி பெணைக்குது, பொண்டாட்டிகாரி திட்டுறா."

என் தலையக் கோதிகினு இருந்த அத்தை கை நின்னுச்சி.

"எந்தக் கையால முறுக்குனாரு?"

யோசிச்சேன். "எடது கை."

"புள்ள இருக்குதா?"

"இடுப்புல ஒண்ணு. மூக்கு ஒழுவிகினு."

அத்தை என்னை மடியிலேந்து எறக்கி வுட்டா. மறுநாளு வெளக்கு வைக்கிற நேரத்துல கத்திய எடுத்து, அந்தத் தறியில நின்ன பாவ ஒரே இழுப்புல அறுத்தா. அம்மா ஓடியாந்து புடிச்சா. நைனா என்னை அடிச்ச அடி இருக்கே, அப்பப்பா. மாமாவ மொகம்கூடப் பாத்ததில்ல நானு, எனக்கெப்பிடித் தெரியும்? பொய் சொன்னவரு அவரு, ஒத வாங்குனது நானா? பத்து நாளு அவருகிட்ட நான் பேசல.

என்னை மெரினாவுக்கு இட்டுகினு போனது அத்தைதான். அடுத்த மாசமே, யாரையும் கேக்காம. குதிர ஏறுனேன், போட்டோ புடிச்சிகினேன். அத்தை மணல்ல உக்காந்து அலையையே பாத்துகினு இருந்தா.

"இதே தண்ணிதான் அங்கயுமாடி?"ன்னா.

"சேச்சே, அது வேற அத்தை. அங்க ஒண்ணுமே கெடையாது. ஒரு மனுசன் போவானா அந்த எடத்துக்கு?"

"ஆங்"ன்னா. அப்பால கைய நீட்டி, என் மடியில இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்த எடுத்துகினு, ஒண்ணொண்ணா ஒடச்சி, எனக்கு ஒண்ணுகூடக் குடுக்காம அவளே துன்னா. எனக்கு அதுக்கும் கோவம்.