அத்தானுடைய எஞ்சினின் கைப்பிடிக் கம்பி

அத்தானை நினைத்தால் முதலில் ஒரு தீப்பெட்டிதான் கண்முன் வருகிறது. அவர் என் அக்காவின் கணவர். தஞ்சாவூரில் நான் நடத்தும் பல் லேபுக்கு ஒரு மழைநாளில் நனைந்தபடி வந்து, சட்டைப்பையிலிருந்து அந்தத் தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின்மேல், அரிசியைவிடச் சின்னதாக, பச்சை மெழுகில் செதுக்கிய ஏதோ ஒன்று. மூச்சு விட்டால் பறந்துவிடும்போல் இருந்தது. "இது விசில்மா. எஞ்சின் மேல இருக்குமே, அது. நீ பல்லுக்கு வார்க்கிற மாதிரி இதைப் பித்தளையில வார்த்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

என் வேலை பல்லுக்குக் கேப் செய்வது. மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்சு மாவுக்குள் புதைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுப்போன பள்ளத்தில் உலோகத்தைச் செலுத்துவோம். விசிலும் அப்படியே வந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மறுவாரமே இன்னொரு தீப்பெட்டியோடு வந்தார். அப்படித்தான் அந்த மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினின் துண்டுகள் ஒவ்வொன்றாக என் உலை வழியாகப் போயின.

வாய்க்கால் மதகுகளைப் பார்க்கும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு என்ற சொல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் பாட்டுப்புத்தகத்தின் முதுகை நகத்தால் அளந்துகொண்டிருப்பார். அவர் செய்த மாதிரி எஞ்சின் முழங்கை நீளந்தான் இருக்கும். மாடி அறையில் மேசைமேல் அதற்கென்று வளைத்த தண்டவாளமும் இருந்தது. உள்ளே மோட்டார் வைத்தாயிற்று. ஆனால் அது ஓடவில்லை. ஓடும் நிலைக்கு வரும்போதெல்லாம் அவருக்கு வேறொரு குறை தென்பட்டுவிடும். கொதிகலனின் ஆணித்தலைகள் ஒரு வரிசை பிசகியிருக்கும்; எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். நிலக்கரி போடும் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கி உண்டு என்று எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வருவார். கதவை மூடினால் அந்தக் கொக்கியை யாரும் பார்க்கப் போவதில்லை. "ஓடுமா ஓடாதாங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்று அக்கா கீழேயிருந்து கேட்பாள். மேலே சுரண்டும் சத்தந்தான் கேட்கும்.

எனக்கும் அவருக்கும் இதில் வாக்குவாதம் உண்டு. பல்லின் மேற்பரப்பில் பள்ளங்களை ஓரளவுக்குத்தான் செதுக்க வேண்டும். ரொம்ப ஆழமாகப் போனால் சோறு சிக்கும், நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கும். வாய்க்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "சின்ன வயசுல வரப்புல நின்னு பாத்தப்போ இந்த ஆணியெல்லாம் தெரிஞ்சுதா அத்தான்?"

அவருடைய ஊர் குடவாசல் பக்கம். அப்பா, அம்மா இருவரும் கூலிக்கு நடவும் அறுப்பும் பார்த்தவர்கள். பிழைப்புக்காகச் சில வருஷம் கொரடாச்சேரி அருகே ரயில்பாதையை ஒட்டிய வயல்களில் வேலை செய்திருக்கிறார்கள், அவரும் கூடவே. வண்டி வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், அதட்டல் வருவதற்குள் குனிந்துவிட வேண்டும்.

"தெரியலம்மா" என்றார். "கறுப்பா ஒண்ணு போகும், அவ்வளவுதான். கிட்டப் போய்ப் பாக்க விட்டாங்களா என்ன? தெரியாததாலதான் போடுறேன்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டேன் என்றும் சொல்ல முடியாது.

பிறகு அவர் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளரில் தெரிந்தது. அப்புறம் கையெழுத்தில். டாக்டர் அதற்கொரு பெயர் சொல்லி, மாத்திரை கொடுத்து, இது மெதுவாகக் கூடத்தான் செய்யும் என்றும் சொல்லிவிட்டார். எஞ்சினின் இரண்டு பக்கமும் கொதிகலனை ஒட்டி ஒரு கைப்பிடிக் கம்பி ஓடும். நிஜத்தில் அது விரல் தடிமன் இருக்கலாம். அவர் கணக்குப்படி இங்கே தலைமுடி அளவு. எஞ்சினைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி அவர் விரல் பட்டு வளைந்தது, பிறகு ஒடிந்தது. புதிதாகப் போட்டார். அதுவும் ஒடிந்தது. அவ்வளவு நுணுக்கமாகச் செய்த பொருளை எங்கே பிடித்துத் தூக்குவது என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது.

"தடிச்ச கம்பியா ரெண்டு போட்டுத் தரேன். நீங்க பிடிச்சுத் தூக்கலாம்" என்றேன்.

"தடிச்ச கம்பி போட்டா அது எஞ்சினா, பொம்மையா? உன் பல் வேலையோட நிறுத்திக்க" என்று எழுந்து போய்விட்டார். அந்த அறுவடை முழுக்க லேபுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. அக்காதான் இரண்டு பக்கமும் போனில் திட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். "கொஞ்சம் வாடி. சாப்பிட மாட்டேங்குறாரு." மாடியில் எஞ்சின் மேசைமேல் சாய்ந்து கிடந்தது. கையிலிருந்து நழுவியிருக்கிறது. படிக்கட்டுகளும் குழாய்களும் ஒடிந்து சிதறியிருந்தன. அவர் இடுக்கியால் விசிலை எடுக்க முயன்றுகொண்டிருந்தார். இடுக்கி அதைத் தொடும், விசில் உருளும், மறுபடி தொடும். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அந்தக் கம்பியைக் கொண்டா" என்றார்.

அதை நான் வெற்றியாக நினைக்கவில்லை. மறுநாள் போய், ஒடிந்த மெல்லிய கம்பிகளின் மிச்சத்தை நீக்கிவிட்டுத் தடித்த கம்பிகளைப் பற்றவைத்தேன். சக்கரங்களுக்கு நடுவே அவர் தொங்கவிட்டிருந்த பிரேக் தண்டுகள் வளைவில் சக்கரத்தோடு உரசின. ஓட வேண்டுமென்றால் அவையும் போக வேண்டும். வெட்டட்டுமா என்று கேட்டேன். "வெட்டு" என்றார். வெட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது. எத்தனை மாத வேலை அது! கொக்கி வைத்த கதவை மட்டும் நான் தொடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் இரண்டு கையாலும் கம்பிகளை இறுக்கிப் பிடித்து எஞ்சினைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தார். ஓடியது. வளைவில் திரும்பி வந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதா என்று தேடினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்னம் மேசையில் படும்படி குனிந்து, எஞ்சின் தன் கண்ணுக்கு நேராக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும், "இன்னும் ஒருவாட்டி" என்றார். அதன்பிறகு ஒரு துண்டும் புதிதாகச் சேர்க்கவில்லை. கேட்டால், "ஓடட்டும்மா" என்பார். அலுத்துப்போய்ச் சொன்னாரா, போதுமென்று சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் இறந்த பிறகு, நான் வெட்டிய அந்த பிரேக் தண்டுகளை எடுத்து வந்து லேபில் வைத்திருக்கிறேன். கேப்புக்கு மெழுகு செதுக்கும்போது நடுவில் எழுந்து போய் அவற்றைப் பார்க்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் வேலை ஓடுவதில்லை.

போன மாதம் திருச்சியிலிருந்து ஒருவர் அக்கா வீட்டுக்கு வந்தார். மாதிரி ரயில்கள் செய்கிறவர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து கொக்கியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "இதெல்லாம் யாருங்க செய்வா?" என்றார். பிறகு தயங்கி, "இந்தக் கைப்பிடிக் கம்பி மட்டும் அளவுக்கு மீறித் தடிமனா இருக்கு. பிரேக் தண்டும் இல்ல. குடுங்க, சரியான அளவுல போட்டுக் கொண்டாந்து தரேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சா அவ்வளவு அழகா இருக்கும்" என்றார்.

எனக்கு மனபாரம் இறங்கியதுபோல் இருந்தது. நான் வெட்டியதெல்லாம் திரும்ப வந்துவிடும். "தண்டு என்கிட்டயே இருக்கு. எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் எழுந்து எஞ்சினைத் தூக்கப் போனார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அவர் கை காற்றில் நின்றது.

கதவருகே நின்றிருந்த அக்கா உள்ளே வந்தாள். "அப்படியே இருக்கட்டும் சார், மாத்த வேணாம்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தூக்கிப் பாக்கணும்னா தாராளமா தூக்குங்க. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்குங்க, அதுக்குத்தான் போட்டிருக்கு."