அடிபட்டவள் இறங்கும் வரை

திங்கட்கிழமை காலை, ஷூ கம்பெனியில் என் தையல் மிஷினுக்கு மேலே இருந்த டியூப் லைட் கண்ணைக் குத்தியது. ஆறு வருடமாக அதே விளக்கின் கீழ் உட்கார்ந்துதான் தைக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, லைட் மினுக்குகிறது, மாற்றுங்கள் என்றேன். அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் எரிகிறது என்று சொல்லி இறங்கிப் போனார். என் தலையில் ஏதாவது இருக்கும் என்று தோன்றவில்லை. அவர் சோம்பேறி என்றுதான் தோன்றியது.

முந்தைய நாள் ஞாயிறு, கபடி ஆட்டம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து அணி அணியாக ஆடும் போட்டி அது. எங்கள் அணியில் பாடிப் போவது நான் (‘கபடி, கபடி’ என்று சொல்லிக்கொண்டே எதிரணிப் பாதிக்குள் போய், ஒருவரைத் தொட்டுவிட்டு, முப்பது விநாடிக்குள் திரும்பி வர வேண்டும்). எனக்கு இருபத்தொன்பது வயது. அணியில் மூத்தவள். நான் இல்லாவிட்டால் அணியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருத்தியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டேன். விசில் ஊதியாயிற்று. உடம்பைத் தளர்த்திக்கொண்டு திரும்புகிறேன். அந்த நேரத்தில் எதிரணியின் கலைச்செல்வி ஓடிவந்து தோளால் என் காதோரம் இடித்தாள். நான் விழுந்தேன். எழுந்து, கையைத் தட்டிவிட்டு, சிரிக்கவும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவில்லை.

நடுவர் அவளுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். எங்கள் போட்டியில் அதற்கு ஒரு விதி இருந்தது. அபாயகரமாக இடித்து ஒருவரைக் காயப்படுத்தினால், அடிபட்டவர் திரும்பக் களத்தில் இறங்கும் வரை அடித்தவரும் இறங்கக் கூடாது. மாதக்கணக்கு, ஆட்டக்கணக்கு எதுவும் கிடையாது. கேட்பவர்களுக்கு நியாயமாகவே படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த விதியைக் கொண்டுவந்தபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்த ஒன்பது நாட்கள் வேலைக்குப் போனேன். தலை கனத்தது, வெயில் என்றேன். இடது ஷூவுக்குத் தைக்க வேண்டியதை எல்லாம் வலதுக்குத் தைத்து வைத்தேன்; தூக்கம் போதவில்லை என்றேன். என் கணவர் பாபு தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறார். பச்சைத் தோல், சுண்ணாம்பு, மருந்து எல்லாம் கலந்த வாடையோடு வருவார். வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு உள்ளே வா என்று திட்டுவது என் வழக்கம். அந்த ஒன்பது நாளும் நான் திட்டவில்லை. அவர் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் பொண்டாட்டிக்குப் பாசம் வந்துவிட்டது என்று தன்னோடு வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

பத்தாம் நாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது. நான் அடுப்புக்கு இரண்டு அடி தள்ளி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தார்கள். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியின் நடைவழியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கூட்டத்தின் சத்தம் தாங்காமல் முந்தானையால் காதை மூடிக்கொண்டேன். டாக்டர் ஒரு பெண்மணி. வாந்தி, தலைசுற்றல், தூக்கம் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, வாசனை தெரிகிறதா என்றார்.

“ஆம்பூர் டாக்டர். தோல் வாடையில பொறந்து வளந்தவங்க. எங்க ஊர்ல யாருக்கு மூக்கு வேலை செய்யுது?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்னக் குப்பியைத் திறந்து நீட்டினார். காப்பித்தூள். எனக்கு ஒன்றும் வரவில்லை. பாபு பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை ஏன் நான் திட்டவில்லை என்பது அவருக்கு அங்கேதான் புரிந்திருக்க வேண்டும்.

எனக்கு வந்திருப்பது மூளை அதிர்வு என்றார் டாக்டர் (மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்கிப் போவது, ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது). மோப்ப நரம்பும் அடிபட்டிருக்கிறது (மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய இழைகள், தலை வேகமாகக் குலுங்கினால் அறுந்துபோகலாம்). வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். ஸ்கேன் சுத்தமாக வந்தது. எல்லோரும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. படத்தில் ஏதாவது இருந்திருந்தால் மற்றவர்களிடம் காட்டியிருக்கலாம்.

முதல் சில நாள் முழு ஓய்வு. போன் பார்க்கக் கூடாது. பிறகு கொஞ்சம் நடை, அதன்பின் சமநிலைப் பயிற்சி (ஒரு கோட்டில் நடந்துகொண்டே தலையை இடமும் வலமும் திருப்புவது). ஒவ்வொரு படியிலும் தலைவலி வந்தால் ஒரு படி பின்னால் போக வேண்டும். கடைசியாக டாக்டர் சொன்னதை மட்டும் பாபு ஒரு அட்டையில் எழுதி பீரோவில் ஒட்டினார்: முழுசாக ஆறுவதற்கு முன் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். கட்டுப் போட்ட கையை ஊர் மதிக்கும். உள்ளே குலுங்கிய தலையை மதிக்காது. நீங்கள் எழுந்து நடக்கிறீர்கள், சோறு சாப்பிடுகிறீர்கள், பேசுகிறீர்கள். அப்புறம் என்ன என்றுதான் கேட்பார்கள்.

என்னிடமும் கேட்டார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எப்போது இறங்குவாய்? முதலில் அக்கறை என்று நினைத்தேன். பிறகுதான் விதி நினைவுக்கு வந்தது. நான் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கலைச்செல்வியின் தடையும் நீள்கிறது.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்த சீசனில் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினால்தான் சான்றிதழ் கிடைக்கும். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அவள் இதை என்னிடம் சொல்லவே இல்லை. ஒரே ஒரு முறை போன் செய்து, தப்பு என்னுடையதுதான் அக்கா என்று மன்னிப்புக் கேட்டாள். அவள் அம்மா சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாம் சொன்னார். என் காதுக்கு எல்லாம் வந்தது. சிலர் நான் வேண்டுமென்றே இழுத்தடிப்பதாகவும் பேசினார்கள்.

கமிட்டிச் செயலாளர் நசீர் பாய் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். விதியை எழுதியவரும் அவர்தான். விதியை மாற்ற முடியாது, ஆனால் இறங்குவது என்றால் முழு ஆட்டமும் ஆட வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை என்றார்.

“ஒரு ரெய்டு போதும்மா. லைனைத் தாண்டி காலை வச்சுட்டு திரும்பி வந்துடு. உன்ன ஒருத்தரும் தொடமாட்டாங்க, நான் சொல்லி வைக்கறேன். அந்தப் பொண்ணும் பொழச்சிக்கும்.”

சரி என்றேன். டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. பாபு பீரோ அட்டையைக் காட்டினார். டாக்டரா கபடி ஆடுகிறார் என்று அவர் வாயை அடைத்தேன். உண்மையைச் சொன்னால், கலைச்செல்விமேல் வந்த இரக்கம் பாதிதான். மீதி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த அலுப்பு.

அந்த ஞாயிறு மைதானத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம் ஜாஸ்தி. கலைச்செல்வி களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே சுடிதாரில் உட்கார்ந்திருந்தாள். நான் ரெய்டு முடித்துத் திரும்பும் வரை அவள் தடை தீராது; தடையில் இருப்பவர் அங்கேதான் உட்கார வேண்டும். கயிற்றைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் சீசன் முழுக்கத் தடை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள். நான் ‘கபடி, கபடி’ என்று சொல்லிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினேன். எதிரே நின்ற ஏழு பெண்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். பத்து வருடமாக ஆடியவள் நான். முப்பது விநாடி என் உடம்புக்குத் தெரியும். ஒருபோதும் கடிகாரம் பார்த்ததில்லை.

தலையைத் திருப்பினேன். அவ்வளவுதான். நான் திருப்பி முடித்தும் களம் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே போனது. பாட்டு வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் என்னுடையது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் பெண்கள் நிற்கிறார்கள், இரண்டு பக்கமும் கோடு இருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்றும் தெரியவில்லை. தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால் யாரும் என்னிடம் வரவில்லை. கூட்டம் நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அழுகை முட்டியது எனக்கு.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

“அக்கா, இப்படி வா. நான் பிடிச்சுக்கறேன், வா.”

கலைச்செல்வி. கயிற்றைத் தாண்டி வந்திருந்தாள். என்னை மெதுவாக நடத்தி வெளியே கொண்டுவந்து பாபுவிடம் ஒப்படைத்தாள். அன்று நடுவராக நின்ற நசீர் பாய் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமலே நின்றார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார். எழுதத்தான் வேண்டும். அத்தனை பேர் பார்த்திருந்தார்கள்.

அவளுக்கு அந்த அரசு வேலை கைநழுவிப் போயிற்று. எனக்குத் தலைவலி முதல் நாள் இருந்த இடத்துக்கே திரும்பியது. படியெல்லாம் மறுபடி முதலிலிருந்து. டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஃபைலில் நீளமாக ஏதோ எழுதினார். அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு ஒரு நாள் கலைச்செல்வி வீட்டுக்கு வந்தாள். ஏன் உள்ளே வந்தாய் என்று கேட்டேன்.

“நீ நின்ன நிலை எனக்குத்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு விழுந்து எழுந்தியே, அப்பவும் இதே மாதிரிதான் பாத்தே. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் இன்னா பண்றது?”

விசில் ஊதிய பிறகு இடித்தது ஏன் என்றும் கேட்டேன். விசில் கேட்டது, ஆனால் உடம்பு நிற்கவில்லை, நிறுத்தவும் மனசில்லை என்றாள். மழுப்பாமல் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இருந்தது. டீயும் போட்டுக் கொடுத்தேன்.

கமிட்டி இப்போது விதியை மாற்றிவிட்டது. இடித்த விதத்தைப் பார்த்துத் தடையின் நீளத்தை அவர்களே முடிவு செய்கிறார்கள். அடிபட்டவர் இறங்க டாக்டர் கடிதம் வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இப்படி இடிப்பவர்களுக்குத் தடை வேண்டும், கடுமையாகவே வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருத்தியின் தண்டனையை இன்னொருத்தியின் மண்டைக்குள் கட்டி வைக்கக் கூடாது. கை தூக்கியபோது எனக்கு அது தோன்றவில்லை.

போன மாதம் கலைச்செல்வி போன் செய்தாள். சத்தத்துக்காக போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்டேன்.

“அக்கா, எனக்குத் தடை இன்னியோட முடிஞ்சுது” என்றாள். “உனக்கு எப்பன்னு நான் கேக்கமாட்டேன்.”

அந்தக் கேள்வியைக் கேட்காத முதல் ஆள் அவள்தான். நல்லா ஆடு, விசில் ஊதினா நில்லு என்றேன். நிற்கிறேன் என்றாள். போனை வைத்துவிட்டு, கீழே கிடந்த துண்டை எடுக்க முதலில் கட்டிலில் உட்கார்ந்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டேன், தரை அசையாமல் நிற்கும் வரை காத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. பிறகு குனிந்தேன்.