மகளின் ஆதாரோடு நான் போய் நின்ற கடை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. ஊர் திருக்காட்டுப்பள்ளி. நான் அரிசி ஆலையில் லோடு வண்டி ஓட்டுகிறேன். மழைக்காலத்தில் நெல் காயாது, ஆலை ஓடாது, எனக்கும் வேலை இருக்காது. வீட்டில் நான், மனைவி, மகள் மூவரும் உட்கார்ந்து ரம்மி ஆடுவோம். காசு வைப்பதில்லை. தோற்றவர் டீ போட வேண்டும், அவ்வளவுதான்.

மகளுக்கு அப்போது பதினேழு வயது, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். யார் எந்தச் சீட்டைக் கீழே போட்டார்கள் என்று ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருப்பாள். உறவுக்காரர் ஒருவர் அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு போன்ல காசு கட்டி ஆடுனா ஒருத்தனும் நிக்க முடியாது மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு எனக்குள் வேலை செய்ய ஆரம்பித்தது. பண ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பெண் ஜெயிக்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் ஆசைதான் பெரிதாக இருந்தது.

மகள்தான் ஆட வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, காசு கட்டி ரம்மி ஆடும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன். அது ஆதாரைக் கேட்டது. மகளின் அட்டையைக் காட்டியதும் வயது போதவில்லை என்று தள்ளிவிட்டது. நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் மனைவியிடம் எதுவும் சொல்லாமல், மகளை பைக்கில் உட்கார வைத்து, கடைத்தெருவில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஆதார் நகலில் பிறந்த வருடத்தை மட்டும் ஒன்று குறைத்துப் போட்டுத் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"வயச மாத்துறது குத்தம்ண்ணே. பதினெட்டு முடியாத பிள்ளைய காசு வச்சு ஆட விடுறதும் குத்தம். நான் செய்ய மாட்டேன்" என்றாள்.

"சரிம்மா, என் பேர்லயே கணக்கு ஆரம்பிச்சுக் குடு. அவ ஆடிக்கட்டும்" என்றேன்.

"யார் பேர்ல இருந்தாலும் ஆடப்போறது பாப்பாதானே?"

எனக்குக் கோபம் வந்தது. என் பெண்ணைப் பற்றி இவள் என்ன சொல்வது என்று குரலை உயர்த்தினேன். பின்னால் ஜெராக்ஸ் எடுக்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் என் மகளைப் பார்த்து, "உனக்கு இதுல இஷ்டமாம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மகள் தலையைக் குனிந்தாள். "பயமா இருக்குக்கா. தோத்துட்டா அப்பா என்னை என்ன நெனப்பாங்கன்னு ரெண்டு நாளா படிக்கவே முடியல" என்றாள்.

நானும் அந்த இரண்டு நாளும் அதே வீட்டில்தான் இருந்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் இருந்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆதாரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுக்கம்மா" என்றேன். "பரவால்லண்ணே, மழைல பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் அடுத்தவரின் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து கடை வாசலில் நின்றபடியே செயலியை அழித்தேன். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பைக்கில் ஏறும்போது, "வீட்ல சும்மா ஆடலாம்ப்பா. அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மகள் இப்போது தஞ்சாவூரில் புள்ளியியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் இன்றும் எங்களைத் தோற்கடிக்கிறாள், டீ போடுவது பெரும்பாலும் நான்தான். பதினெட்டு வயது என்று சட்டம் போட்டிருக்கும் கோடு, விவரம் தெரியாத பிள்ளைகளைத் தடுக்கத்தான் என்று நினைத்திருந்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்க மறந்துபோகும் என்னைப் போன்ற அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் அது என்பது, அந்தக் கடையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.